ஹீரோவுக்கு இடது பக்கம்

ஒன் மோர் என்று மைக்கில் வந்தது. ஏன் என்று வரவில்லை. பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் இரைச்சல் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. நீட்டிய கையை நான் இன்னும் இறக்கவில்லை. இறக்கினால் அது எங்கே இருந்தது என்பது போய்விடும். தோளுக்கு நேராக இருக்கிறதா, உள்ளங்கை கேமராவைப் பார்க்கிறதா, கட்டை விரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு விரல் பிசகியிருந்தால் அதுதான் காரணம் என்று நிம்மதியாக இருக்கலாம். தலைக்கு மேல் கூப்பிய கை எட்டாவது அடியில் பிரிந்து, வலது கை மட்டும் முன்னால் வந்து விரிய வேண்டும், அதே அடியில் இடது குதிகால் தரையில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் அசைவு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடிவிடும். காலையிலிருந்து இதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம், சாப்பிட்டுவிட்டு வந்தும் இதுதான். திருவிழாத் தெரு செட். தெர்மாக்கோல் கோபுரம், காகிதத் தோரணம், தரையில் கொட்டிய கலர்ப் பொடி. பொடி மூக்குக்குள் போய், துப்பினால் ஊதாவாக வருகிறது. இந்த ஷாட்டில் ஹீரோவும் எங்கள் பக்கத்து வரிசைகளும் மட்டும்தான். ஹீரோவுக்கு இடது பக்கம் முதல் ஆள் நான். கேமராவுக்குத் தப்பிக்க முடியாத இடம். மானிட்டருக்கு முன்னால் கறுப்புத் துணிக்குள் டான்ஸ் மாஸ்டர் ரொசாரியோ உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பின்னால் மைக்கோடு அவருடைய அசிஸ்டென்ட் பூங்கொடி நிற்கிறாள். துணிக்குள் இருப்பவர் எதைப் பார்த்து வேண்டாம் என்றார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் பக்கம் பார்க்கிறாள். அல்லது என் பின்னால் இருக்கும் ஃபேனைப் பார்க்கிறாள்.

ஹீரோ தப்பு செய்தார் என்று ஹீரோவிடம் சொல்ல முடியாது. சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடுகிற எல்லாருக்கும் இது தெரியும், யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஹீரோ பிசகினால் மாஸ்டர் குரூப்பில் ஒருவனைப் பெயர் சொல்லித் திட்டுவார். திட்டு வாங்குகிறவன் தலையை ஆட்டிக்கொள்வான். ஹீரோவுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், ஒன் மோர் போகும், எல்லாருக்கும் மரியாதை மிஞ்சும். இதற்கென்று ஒரு ஆள் வேண்டும். தப்பே செய்யாத ஆளாக இருக்க வேண்டும், தப்பு செய்கிறவனைத் திட்டினால் அவன் நிஜமாகவே பதறி இன்னும் கெடுத்துவிடுவான். நான் யூனியன் கார்டு வாங்கிய புதிதில் இந்த இடத்தில் சேவியர் அண்ணன் நின்றார். ஒவ்வொரு பாட்டிலும் அவருக்குத் திட்டு விழும். இவ்வளவு திட்டு வாங்குகிறவரை ஏன் முன்னால் நிறுத்துகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். அவருடைய காலைப் பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் பிடிபட்டது, அந்தக் கால் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதன் பிறகு ஒரு படத்தில் அவரை இரண்டாம் வரிசைக்கு மாற்றினார்கள். அடுத்த படத்தில் கடைசி வரிசை. பிறகு அவர் வருவதில்லை, பெரம்பூர் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார் என்று சொன்னார்கள். இங்கேதான் எனக்கு எப்போதும் இடிக்கும். திட்டு எல்லாம் ஹீரோவுக்கு உரியது என்றால் அவரை ஏன் பின்னால் தள்ளினார்கள்? ஒருவேளை நடுவில் எங்கேயோ திட்டு நிஜமாகியிருக்கும். நூறு பொய்த் திட்டுக்கு நடுவில் ஒரு நிஜத் திட்டு வந்திருக்கும், அவரும் வழக்கம்போல் தலையை ஆட்டியிருப்பார். இது உன்னுடையது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாட்டு மறுபடி ஓடியது. கூப்பினேன், எட்டில் பிரித்தேன், குதிகால் இறங்கியது, பொடி கணுக்கால் வரை எழும்பியது. மைக்கில் மாஸ்டரே பேசினார். “தணிகா, கை” என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது ஹீரோவுக்காக ஆட்டுகிறேனா எனக்காக ஆட்டுகிறேனா என்று யோசித்துக்கொண்டே ஆட்டினேன். ஹீரோ பக்கத்தில் நின்று கழுத்தைத் துடைத்தார். நல்ல பையன், எனக்குத் தம்பி வயதுகூட இல்லை. வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேரவனுக்குள் போவார். அவர் என் பக்கம் திரும்பி, “என்னண்ணே, மதியம் பிரியாணி ஓவரா?” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி உள்ளே இறங்கியது. இவர் உண்மையிலேயே என் கைதான் தப்பு என்று நம்புகிறாரா? அப்படியானால் என் கையை இவரும் பார்த்திருக்கிறார், ஏதோ தெரிந்திருக்கிறது. இல்லை, தன் தப்பு என்று தெரிந்துகொண்டே என்னைக் கிண்டல் செய்கிறாரா? அப்படிச் செய்கிற முகம் இல்லை அது. ஆனால் முகத்தை எப்படி நம்புவது, முகத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம். நான் பிரியாணி சாப்பிடவில்லை. தயிர் சாதம் அரைத் தட்டு, அதுவும் வயிறு கனத்தால் குதிகால் தாமதமாகும் என்று பயந்து. அதை யாரிடம் சொல்வது.

பூங்கொடியிடம் சொல்லியிருக்கலாம், ஒரு காலத்தில். அவள் அசிஸ்டென்ட் ஆவதற்கு முன் நாங்கள் இருவரும் ஜோடி. மழைப் பாட்டு, கல்யாணப் பாட்டு, ரயில் கூரைப் பாட்டு எல்லாவற்றிலும் எனக்கு எதிரில் அவள்தான் நிற்பாள். என் கை எங்கே நிற்கும் என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு தன் கையைக் கொண்டுவந்து வைப்பாள். ஒரு நாள் ரிகர்சலில் ஒரே சுற்றை நான் திரும்பத் திரும்பக் கேட்டபோது அவள் உட்கார்ந்துவிட்டாள். “நீ எங்கடா ஆடுற, உன்ன நீயே செக் பண்ணிட்டிருக்க” என்றாள். அன்று அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது மைக் அவள் கையில் இருக்கிறது. டீ இடைவேளையில் அவளும் மாஸ்டரும் மானிட்டரில் எதையோ ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவள் விரலால் திரையைத் தொட்டாள், இருவரும் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார்கள், நான் டீ கிளாஸைப் பார்த்தேன். சாயங்காலம் லைனை மாத்திடலாம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. லைன் என்றால் எந்த லைன்? மாற்ற வேண்டும் என்றால் முன்னால் இருப்பவன் பின்னால் போவான், பின்னால் இருப்பவன் முன்னால் வருவான். என் பின்னால் இம்ரான் நிற்கிறான். இருபத்தைந்தோ என்னவோ வயது. முழங்கால் சத்தம் போடாத வயது. டீக்குப் பிறகு வலிய வந்து, உங்க கையப் பாத்துத்தாண்ணே நான் போடுறேன், எனக்குப் பாட்டே காதுல விழாது என்று சொல்லிவிட்டுப் போனான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் ஏன் அந்த நேரத்தில் சொல்ல வேண்டும்? அவன் தாமதமானால் அது என் தாமதம் என்று முன்கூட்டியே பதிய வைக்கிறானா? இவனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்களோ, இடத்தை வாங்கப்போகிறவன் இடத்துக்காரனிடம் காட்டுகிற பணிவோ இது?

இந்த இடம் போனால் என்ன என்று சசிரேகா கேட்பாள். என் மனைவி. பின்னால் நின்றாலும் அதே பேட்டாதானே என்பாள். அவளுக்குப் புரிகிற மாதிரி நான் ஒரு தடவையும் சொன்னதில்லை. பின்வரிசையில் நிற்பவனுக்குத் தப்பும் இல்லை, சரியும் இல்லை. அவன் கூட்டம். முன்னால் நிற்கிறவனுக்குத்தான் கை என்று ஒன்று உண்டு. வியாசர்பாடி வீட்டில் பீரோக் கண்ணாடி முன் நின்று இந்தக் கையைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன், பாட்டு வேண்டாம், ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் போதும். அப்படி என்னதான் தேடுற அந்தக் கண்ணாடில என்று அவள் அடுக்களையிலிருந்து கேட்பாள். பதில் சொல்ல எனக்குத் தெரியாது, ஏனென்றால் கண்ணாடியையும் நான் நம்புவதில்லை. கண்ணாடியில் பார்க்கிறபோது பார்ப்பதற்காகக் கை கொஞ்சம் தங்குகிறது. பார்க்காதபோது அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே வழி தியேட்டர். நான் ஆடிய படம் வந்தால் சசிரேகாவைக் கூட்டிக்கொண்டு போவேன். எல்லாரும் திரையின் நடுவைப் பார்ப்பார்கள், நான் வலது ஓரத்தைப் பார்ப்பேன், ஹீரோவுக்கு இடது பக்கம் நிற்பவன் திரையில் அங்கேதான் வருவான். வெளியே வந்ததும் கதை எப்படி என்று அவள் கேட்டால் முழிப்பேன். போன வருஷம் ஒரு படத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். அந்தப் பாட்டில் என் கைக்கு ஒரு திட்டு விழுந்திருந்தது, அது யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். கை வருகிற இடத்தில் படம் ஹீரோவின் முகத்துக்குப் போய்விட்டது. ஓரத்தில் ஏதோ மஞ்சளாக அசைந்தது. தெளிவில்லை. அது கையாகவும் இருக்கலாம், தோரணமாகவும் இருக்கலாம். தப்பாக இருந்ததால்தான் மங்கலாக்கிவிட்டார்களோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சசிரேகாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, உனக்கு வேற வேலையே இல்லையா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அழகாத்தான் இருந்த என்றாள். அழகு என்று சொன்னது எனக்கு உதவவில்லை. சரியாக இருந்தேனா என்பதைத்தான் நான் கேட்டேன்.

மறுபடி பாட்டு, மறுபடி எட்டு, மறுபடி “தணிகா, கை”. இந்தத் தடவை பூங்கொடியின் குரல். அவள் இரண்டு சொற்களுக்கு நடுவில் கொஞ்சம் நிறுத்தினாள், அந்த நிறுத்தத்தில் ஏதோ இருந்தது. எச்சரிக்கை என்றால் எச்சரிக்கை, கெஞ்சல் என்றால் கெஞ்சல். லைட்பாய் ஒருவர் மேலேயிருந்து கொட்டாவி விட்டார். டச்சப் பெண் வந்து என் நெற்றியை ஒற்றினாள், அவள் பார்வையிலும் பாவம் என்பது போல ஒன்று தெரிந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அது என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் அதை விரட்டினேன், போகவில்லை. கையை வேண்டுமென்றே தாமதமாகப் போட்டால்? எட்டில் போடாமல், எட்டு போன பிறகு, அரை அடி தள்ளி. உண்மையிலேயே என்னைப் பார்க்கிறார்கள் என்றால் அந்தக் கையைப் பார்த்ததும் மைக் வெடிக்கும். மாஸ்டர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அப்படி வந்தால் இவ்வளவு நேரம் விழுந்ததெல்லாம் பொய்த் திட்டு என்று தெரிந்துவிடும், நிஜத் திட்டு எப்படி இருக்கும் என்று காதால் கேட்டுவிடலாம். ஒன்றும் சொல்லாமல் அதே சலிப்போடு கை என்றால் என்னை யாரும் பார்க்கவேயில்லை. இரண்டில் எது தெரிந்தாலும் போதும். இத்தனை வருஷத்தில் வேண்டுமென்று நான் ஒரு அசைவைக் கெடுத்ததில்லை. பேட்டா லேட்டாக வந்தபோதும் இல்லை, காய்ச்சலில் ஆடியபோதும் இல்லை. இடம் போகிற நாளில் அதைச் செய்து இடத்தை நானே தூக்கிக் கொடுக்கிறேனா என்றும் தோன்றியது. ஆனால் போகிறது என்றால் எதற்காகப் போகிறது என்று தெரிந்து போகட்டும்.

பறை அடி தொடங்கியது. கூப்பினேன். ஐந்து, ஆறு. உடம்பு எட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, மாடு தொழுவத்தை நோக்கிப் போவது மாதிரி, யாரும் ஓட்ட வேண்டியதில்லை. ஏழு. பிடித்து நிறுத்தினேன். எட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. கூப்பிய கையோடு நான் நிற்கிறேன், அடி விழுந்துவிட்டது, கை விழவில்லை. அந்த இடைவெளியில் காது அடைத்துக்கொண்டது. தப்பு என்றால் எவ்வளவு விசாலமாக இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு பிரித்தேன். பிரிக்கும்போது ஓரக்கண்ணில் இன்னொரு கை என் கையோடு சேர்ந்தே இறங்கியது. ஹீரோவின் கை. இரண்டும் ஒன்றாக விரிந்தன. பின்னால் துணிகள் சரசரத்தன, இம்ரானும் அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களும் என் கையைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். எல்லார் கையும் ஒன்றாக, எல்லாம் தாமதமாக. மைக் வெடிக்கவில்லை. மைக்கில் மாஸ்டர், “ஓகே. ரொம்ப நல்லா இருக்கு” என்றார். யாரோ விசில் அடித்தார்கள். ஹீரோ மானிட்டரைப் பார்க்கப் போனார். நான் குனிந்து கணுக்காலில் ஒட்டிய பொடியைத் தட்டினேன், தட்ட வேண்டிய அவசியம் இல்லை.

லைட் மாற்றுகிற நேரத்தில் பூங்கொடி வந்தாள். மைக்கை அணைத்துக் கையில் தொங்கவிட்டிருந்தாள். லேட்டாப் போட்டேன் என்று நான் சொன்னேன். “தெரியும். அவருக்கு அப்பதான் கை வருது. நீ கரெக்டாப் போட்டா அவர் தப்பாத் தெரியறாரு. எல்லாரும் லேட்டுன்னா யாரும் லேட்டில்ல” என்றாள். சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் பக்கத்திலேயே நிற்கும்போது எப்படிச் சொல்வது, நீயே புரிந்துகொள்வாய் என்று பார்த்தோம், அரை அடி விட்டுக்கொடுக்க உனக்கு ஒரு நாள் ஆகிறது என்றாள். லைன் மாற்றுவது பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாத்தறதாத்தான் இருந்துச்சு. இம்ரான்கிட்ட சொன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்குவான்னு மாஸ்டர் சொன்னாரு. இனிமே வேணாம். அடுத்ததும் அவர் கையப் பாத்துப் போட்டுடு” என்று சொல்லிவிட்டுப் போனாள். சந்தேகப்பட்டது எல்லாம் சரியாக இருந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஆனால் கூடவே வேறொன்றும் இருந்தது. இடம் எனக்குத்தான். சரியாகப் போட்டதற்காகப் போகவிருந்தது, தப்பாகப் போட்டதால் தங்கிவிட்டது. சேவியர் அண்ணனுக்கும் யாராவது இப்படி வந்து சொல்லியிருப்பார்களா? சொல்லியும் அவர் கால் கேட்காமல் போயிருக்குமா? தெரு செட்டின் மூலையில் ஹீரோ கேரவனுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். தன் அசிஸ்டென்டை எதிரில் நிறுத்திவைத்து ஏதோ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், ஒரு தடவை என்னைக் காட்டினார். என்னைப் பற்றிப் புகார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும்.

அடுத்த ஷாட் அதே அசைவு, கேமரா மட்டும் இன்னும் பக்கத்தில். இந்தத் தடவை நான் பாட்டைக் கேட்கவில்லை. ஹீரோவின் கையை ஓரக்கண்ணில் பிடித்துவைத்துக்கொண்டேன். அது இறங்கும்வரை நான் இறக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சுலபமான வேலை எனக்கு வாய்த்ததே இல்லை. ஐந்து, ஆறு, ஏழு. எட்டு விழுந்தது, அதோடேயே, அடியின் மேலேயே, ஹீரோவின் கை விரிந்தது. சுத்தமாக. மூலையில் நின்று அவர் பழகிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. என்னைக் காட்டும்போது என் கையைத்தான் காட்டியிருக்கிறார். காலையில் நான் போட்ட கையை. நான் காத்திருந்தேன். என் கை அதன் பிறகு வந்தது, என் பின்னால் வரிசை முழுக்க அதன் பிறகு வந்தது. யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லாத தப்பு. உடம்பு முழுக்கத் தெரிந்தது. மாஸ்டர் மைக்கை எடுப்பதற்குள் ஹீரோ கையைத் தூக்கி, “சாரி மாஸ்டர். என் தப்பு. நான் முன்னாடி போயிட்டேன்” என்றார்.

ஹீரோ தன் வாயால் தப்பு என்று சொல்லி எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. பூங்கொடி மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள், பேசாதே என்கிற பார்வை. பேசாமல் இருந்தால் இடம் இருக்கும், எல்லாம் இருக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் சந்தேகம் இல்லாமல் என்னுடையது என்று ஒரு தப்பு இப்போதுதான் வந்திருக்கிறது, அதையும் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போகிறார். “இல்ல சார், நான்தான் லேட்டு” என்றேன். சொன்னது எல்லாருக்கும் கேட்டது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது, அன்பான சிரிப்பு. ஹீரோ வந்து என் தோளில் கை போட்டார். “அண்ணே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? காலைலேர்ந்து என் தப்ப எல்லாம் உங்க தலைலதான் போட்டாங்க. நீங்க ஒரு தடவைகூட மிஸ் பண்ணல, நான் பாத்தேன். இதையும் நீங்க வாங்கிக்க வேணாம்ணே” என்றார். கை தட்டினார்கள். டச்சப் பெண்ணும் தட்டினாள். நான் நிஜமாகவே லேட் என்று இன்னொரு தடவை சொன்னேன். தட்டல் அதிகமாயிற்று. மாஸ்டர் துணியை விலக்கி எட்டிப் பார்த்து, தணிகா மாதிரி ஆள் கிடைக்கணுமே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். எல்லாரும் கலைந்து இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இம்ரான் மட்டும் எனக்குப் பின்னால் அசையாமல் நின்றான். யாருக்கும் கேட்காத மாதிரி, என் முதுகைப் பார்த்து, “லேட்டுதாண்ணே” என்றான். காலையிலிருந்து ஒருவர் சொன்னதை மறு யோசனை இல்லாமல் நான் நம்பியது அப்போதுதான்.